அழித்தாலும் திரும்பி வரும் பி0456: ஒரு கசிவைத் தேடிய குறிப்புகள்

ஜூன் 3, ஒரு வாசகரின் கேள்வி

என் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0456 என்று காட்டுகிறது. இதுவரை நான்கு முறை அழித்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாட்களில் திரும்பி வந்துவிடுகிறது. டேங்க் மூடியை இரண்டு முறை மாற்றியாயிற்று. வண்டியின் ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, மைலேஜும் குறையவில்லை. அடுத்து எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?

ஜூன் 3, இரவு

எதையும் மாற்றாதீர்கள், ஐந்தாவது முறை அழிக்கவும் வேண்டாம். இதே குறியீட்டோடு நான் மூன்று மாதங்களாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிவு கிடைக்கவில்லை என்றாலும் ஒரு விஷயம் உறுதிப்பட்டிருக்கிறது: பி0456 என்பது பழுதான பாகத்தின் பெயர் அன்று, தோற்றுப்போன ஒரு சோதனையின் பெயர்.

பெட்ரோல் டேங்கில் எந்நேரமும் ஆவி எழுந்துகொண்டே இருக்கும். அது வெளியே போய்விடாமல் கேனிஸ்டர் என்னும் கரி டப்பாவுக்குள் சென்று கரியில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கிறது. கேனிஸ்டரின் மறுபக்கத்தில் வென்ட் வால்வு இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வரும். இந்த முழு அமைப்பும் காற்றுப் புகாமல் இருக்கிறதா என்பதை வண்டியின் கணினி அவ்வப்போது தானே சோதித்துப் பார்க்கிறது. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துளைக்குச் சமமான கசிவு இருந்தால் பி0442, அதைவிடப் பெரியதாக இருந்தால் பி0455, மிகச் சிறியதாக, அதாவது 0.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் பி0456. திருகு பென்சிலில் போடும் 0.5 குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க், மூடி, கழுத்துக் குழாய், நான்கைந்து ஹோஸ், இரண்டு வால்வு, ஒரு சென்சார், ஒரு கேனிஸ்டர் ஆகிய இவற்றில் எங்கோ ஓரிடத்தில் அந்தக் குச்சியின் பருமனுக்கு ஒரு வழி இருக்கிறது என்றுதான் கணினி சொல்கிறது. எங்கே என்று அதற்குத் தெரியாது.

ஆகவே "அடுத்து எந்தப் பாகம்" என்று கேட்பதைவிட "அந்தச் சோதனை எப்போது ஓடியது, எப்போது தோற்றது" என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

ஜூன் 4

நேற்று அழிக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குறியீடு பதிவாகும்போது அந்த நொடியின் நிலவரத்தையும் கணினி எழுதி வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது அதுதான். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எவ்வளவு சூடு, வண்டியின் வேகம் என்ன, எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது என்றெல்லாம் அதில் இருக்கும். சில வண்டிகளில் டேங்கில் இருந்த பெட்ரோலின் அளவும் இருக்கும். அழித்தால் இவை அனைத்தும் போய்விடும். அதோடு சுயசோதனைகள் யாவும் "முடியவில்லை" என்ற நிலைக்குத் திரும்பி முதலிலிருந்து தொடங்கும். விளக்கு அணைந்துவிட்டதே என்று நமக்கு நிம்மதி. உண்மையில் விளக்கோடு சாட்சியையும் சேர்த்து அழித்திருக்கிறோம்.

அடுத்த முறை விளக்கு எரிந்ததும் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இங்கே சொல்லுங்கள்.

ஜூன் 6

என் குறிப்பேட்டில் நான்கு பதிவுகள் இருக்கின்றன. நான்குமே காலையில் வண்டியை எடுத்த சில நிமிடங்களுக்குள் விழுந்தவை. வெளிவெப்பம் 17, 19, 18, 21 டிகிரி. டேங்கில் பெட்ரோல் 38, 61, 44, 70 விழுக்காடு. மதியத்தில் ஒரு முறைகூட இல்லை. நிறைந்த டேங்கோடு ஒரு முறைகூட இல்லை.

இதிலிருந்து நான் வந்திருக்கும் முடிவு: குளிரில் ஏதோ ஒரு ரப்பர் சுருங்குகிறது. ஆவி செல்லும் ஹோஸ்கள் கேனிஸ்டரில் மாட்டப்படும் இடங்களில் ஓ-ரிங் என்னும் சிறு ரப்பர் வளையம் இருக்கும். வயதான ஓ-ரிங் இறுகிப்போய், வெப்பம் குறையும்போது சற்றே சுருங்கி, வெயில் ஏறியதும் மீண்டும் நிரம்பி அடைத்துக்கொள்ளும். பணிமனைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் கசிவு மறைந்திருப்பதற்கு இது நல்ல விளக்கமாகத் தோன்றுகிறது. அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.

உங்கள் மூடியைப் பற்றி: புது மூடி என்பதாலேயே அது சரியான மூடி ஆகிவிடாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தும் ரப்பர் வளையத்தின் உயரம் சற்று மாறுபட்டால் 0.5 மில்லிமீட்டர் வழி தாராளமாகக் கிடைத்துவிடும். மூடியை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், அது உட்காரும் கழுத்துக் குழாயின் விளிம்பையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். துருப் பொரிந்திருந்தால் எந்த மூடி போட்டாலும் அடைக்காது.

ஜூன் 7

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். விரலால் தடவினால் போதாது. விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துரு பெரும்பாலும் ரப்பர் வளையம் அமரும் கோட்டுக்குச் சற்று உள்ளே ஒளிந்திருக்கும்.

ஜூன் 11

இரண்டு வால்வுகளையும் கழற்றிப் பார்த்தேன். இவை ஒன்றுக்கொன்று நேரெதிர் குணம் கொண்டவை. இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதித்தால் நல்ல வால்வைக் கெட்டது என்று தூக்கி எறிய நேரும். பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டும். வென்ட் வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்க வேண்டும்.

பர்ஜ் வால்வைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து பிடுங்கி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். கணினி இன்னும் திறக்கச் சொல்லாத நேரத்தில் உறிஞ்சல் இருக்கக் கூடாது. இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை. கைப்பம்பால் வெற்றிடம் பிடித்துப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். என் வால்வு முள்ளை அசையாமல் பிடித்து நின்றது. வாயால் ஊதியோ உறிஞ்சியோ பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பெட்ரோல் ஆவி நெஞ்சுக்குள் போகிற காரியம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வென்ட் வால்வுக்கு 12 வோல்ட் கொடுத்தேன். "டக்" என்று சத்தம் வந்தது, எடுத்ததும் மீண்டும் "டக்". நல்ல நிலையில் இருக்கிறது. ஓ-ரிங்குகளில் இரண்டு இறுகியிருந்தன; இரண்டையும் மாற்றிவிட்டேன். குறியீட்டை அழிக்கவில்லை, காத்திருக்கிறேன்.

ஜூன் 12

பெட்ரோல் நிரப்பியவுடன் மட்டும் வண்டி திணறி ஸ்டார்ட் ஆகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது வேறு கதை, ஆனால் பக்கத்து வீட்டுக் கதை. நிரப்பும்போது டேங்கிலிருந்த ஆவி மொத்தமாகக் கேனிஸ்டர் பக்கம் தள்ளப்படுகிறது. அந்த நேரத்தில் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே கிடந்தால் அத்தனை ஆவியும் எஞ்சினுக்குள் போய், கலவை அளவுக்கு மீறிச் செறிவாகிவிடும். பர்ஜ் ஓட்டம் அளவுக்கு மீறியது என்று சொல்லும் பி0496 வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், முதலில் அந்த வால்வைத்தான் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பம்பில் முதல் முறை தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று அழுத்தி நிரப்பும் பழக்கம் கேனிஸ்டருக்குப் பகை. ஆவிக்காகச் செய்த கரிக்குள் திரவப் பெட்ரோல் இறங்கினால் அது ஊறிப்போய் வேலை செய்யும் திறனை இழக்கும். சில சமயம் கரித்துகள்கள் பெயர்ந்து வால்வுகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். முதல் "டக்" சத்தத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஜூன் 15

விளக்கு அணையவில்லை. ஓ-ரிங் மாற்றிய பிறகும் சோதனை ஒரு முறை தோற்றிருக்கிறது.

புகைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். பர்ஜ் வால்வு பக்கமிருந்து மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, எங்கிருந்து வெளிவருகிறது என்று விளக்கடித்துப் பார்க்கும் முறை அது. மெக்கானிக் பொறுமையானவர். கேனிஸ்டரின் வெளிக்காற்றுக் குழாய் முனையில் ஒரு ரப்பர் அடைப்பைச் செருகிவிட்டுப் புகையைவிட்டார். கழுத்துக் குழாய், மூடி, டேங்கின் மேலே பெட்ரோல் பம்ப் பொருந்தும் வளையம், ஒவ்வொரு இணைப்பு என்று கால் மணி நேரம் பார்த்தோம். ஒரு இழை புகைகூட எங்கும் வரவில்லை. எவ்வளவு வெளியேறுகிறது என்று காட்டும் கருவியின் ஓட்டமானியும் பூஜ்யத்தில் நின்றது. அமைப்பு இறுக்கமாக இருக்கிறது என்றார். மதியம் இரண்டு மணி, வெளிவெப்பம் 31 டிகிரி. குளிரில்தான் கசிகிறது என்ற என் எண்ணம் இன்னும் வலுப்பட்டது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இதில் மாட்டவே கூடாது. இந்த அமைப்பு தாங்கும் அழுத்தம் மிகச் சிறியது; டேங்க் சென்சார் உடைவதற்கு ஒரு நொடி போதும். அதைவிட முக்கியம், பெட்ரோல் ஆவி நிறைந்த இடத்தில் காற்றை ஏற்றினால் தீப்பற்றக்கூடிய கலவையை நம் கையாலேயே உருவாக்குகிறோம். நைட்ரஜன் போன்ற மந்தமான வாயுவைப் பயன்படுத்தும் கருவிகள் இதற்காகவே இருக்கின்றன.

ஜூன் 16

"வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, விளக்கின் மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டுப் போங்கள்" என்கிறார் ஒருவர். இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, விளக்கு ஒன்றுதான், குறியீடுகள் பல. டேப்புக்கு அடியில் நாளை மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்னும் குறியீடு வந்து சேர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். சின்னக் கசிவை மறைக்கப் போய்ப் பெரிய சேதத்துக்கு இடம் கொடுப்போம்.

இரண்டாவது, ஆவிக்கசிவு என்பது வண்டி நின்றிருக்கும்போதும் நடக்கும் மாசு. எஞ்சின் அணைந்திருக்கிறது, புகைக்குழாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வெயில் ஏற ஏற டேங்க் ஆவியைக் கக்கிக்கொண்டிருக்கும். 1950-களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண் எரிய வைத்த மூட்டத்தை ஆராய்ந்தார். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் அந்த ஓசோன் உண்டாகிறது என்று காட்டினார். கார்களிலிருந்து ஆவியாகும் பெட்ரோலும் அந்த ஹைட்ரோகார்பன்களில் சேர்த்தி. அதன் பிறகே, 1970-இல் கலிபோர்னியாவிலும் 1971-இல் அமெரிக்கா முழுவதிலும், புதுக் கார்களில் ஆவியைப் பிடிக்கும் அமைப்பு வந்தது. என் வண்டியின் அடியில் தொங்கும் அந்தக் கரி டப்பா, யாரோ சிலர் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. அதைச் செயலிழந்த நிலையில் வைத்துக்கொண்டு ஓட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜூன் 22

ஜூன் 6 அன்று எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். அது தவறு. எண்கள் அனைத்தும் சரி, அவற்றிலிருந்து நான் எடுத்த முடிவுதான் தவறு.

"குளிரில்தான் கசிகிறது" என்று எழுதினேன். ஆனால் என் வண்டியில் அந்தச் சோதனை குளிரில் மட்டுமே ஓடும்! வண்டி இரவு முழுவதும் நின்று, கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் மட்டுமே கணினி சோதனையைத் தொடங்குகிறது. டேங்கில் பெட்ரோல் 15 முதல் 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. மதியத்திலும் நிறைந்த டேங்கிலும் குறியீடு வராததற்குக் காரணம் அப்போது கசிவு இல்லை என்பதன்று. அப்போது யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காவலர் இரவில் மட்டும் ரோந்து வரும் ஊரில், திருட்டெல்லாம் இரவில்தான் நடக்கிறது என்று நான் கணக்கு எழுதியிருக்கிறேன்.

இந்த நிபந்தனைகள் ஏன் என்று யோசித்தால் சோதனையின் உள்ளமைப்பே விளங்கும். என் வண்டியில் நடப்பது இது: கணினி வென்ட் வால்வை மூடி, பர்ஜ் வால்வைத் திறந்து, எஞ்சினின் உறிஞ்சலால் டேங்கில் சிறிய வெற்றிடம் உண்டாக்குகிறது, என் ஸ்கேனரில் வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 2 கிலோபாஸ்கல் குறைவாகக் காட்டியது. பிறகு பர்ஜ் வால்வையும் மூடிவிட்டு, அந்த வெற்றிடம் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கிறது. பெட்ரோல் சூடாக இருந்தால் அதிலிருந்து எழும் ஆவியே அழுத்தத்தை ஏற்றிவிடும். கசிவு இல்லாமலே கசிவு போலத் தோன்றும். அதனால்தான் குளிர்ந்த நேரம். டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோலுக்கு மேலே காலி இடம் மிகக் குறைவு, சிறு ஆட்டத்துக்கே அழுத்தம் தாவும்; டேங்க் காலியாக இருந்தால் அந்த இடம் மிக அதிகம், சின்னக் கசிவின் விளைவு அதில் கரைந்து தெரியாமல் போகும்.

எல்லா வண்டிகளும் இப்படிச் செய்வதில்லை. சிலவற்றில் எஞ்சினை அணைத்த பிறகு, டேங்க் ஆறும்போது தானாக உண்டாகும் அழுத்த மாற்றத்தைக் கவனிப்பார்கள். வேறு சிலவற்றில் வண்டி நின்று சுமார் ஐந்து மணி நேரம் கழித்து ஒரு சிறிய மின்பம்ப் ஓடி, 0.5 மில்லிமீட்டர் அளவுத் துளையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நள்ளிரவில் நின்ற வண்டியின் பின்புறம் ஏதோ முனகுகிறது என்று பயந்தவர்களுக்கு விடை இதுதான். உங்கள் வண்டி எந்த வகை என்று அதன் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். அதை முதலில் படியுங்கள். நான் கடைசியாகப் படித்தேன், அதனால் இரண்டு வாரங்கள் வீணாயின.

இப்போது உங்கள் பத்து நாள் புதிரும் அவிழ்கிறது. குறியீடு முதல் முறை தோற்றதும் நிலுவையில் நிற்கும். அடுத்த சோதனையிலும் தோற்றால்தான் உறுதியாகி விளக்கு எரியும். நீங்கள் அழிக்கிறீர்கள், டேங்கை நிரப்புகிறீர்கள், அளவு 85-க்குக் கீழே இறங்கச் சில நாட்கள், இரவு முழுவதும் நின்ற வண்டி சீராக ஓடும் ஒரு காலை, பிறகு அதே போல் இன்னொரு காலை. கூட்டிப் பார்த்தால் பத்து நாள் ஆகிவிடும். புது மூடி போட்டதால் பத்து நாள் சரியாக இருந்தது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்தப் பத்து நாளும் கசிவு இருந்திருக்கும், பார்க்க ஆளில்லை.

ஜூன் 23

நேற்றைய குறிப்பில் "இரண்டு வாரங்கள்" என்றது தவறு. முதல் ஓ-ரிங்கைத் தேடத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் பதினாறு நாட்கள்.

ஜூன் 26

வெப்பக் காரணம் போய்விட்டது என்றால், புகைச் சோதனையில் கசிவு தெரியாதது ஏன்? 31 டிகிரி மதியம் என்ற சாக்கை இனி சொல்ல முடியாது. மூன்று நாட்களாக இதே சிந்தனை.

கணினி செய்யும் சோதனையையும் மெக்கானிக் செய்த சோதனையையும் இரண்டு பத்தியாக எழுதி அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வேறுபாடு தெரிந்தது. கணினி வெளிக்காற்றின் வழியை வென்ட் வால்வைக் கொண்டு மூடுகிறது. நாங்கள் அதே வழியை, வால்வுக்கும் அப்பால், குழாயின் முனையில் ரப்பரைச் செருகி மூடினோம். ஆக, புகைச் சோதனையில் வென்ட் வால்வு திறந்தே கிடந்தது. அமைப்பில் உள்ள எல்லாப் பாகங்களையும் சோதித்தோம், அந்த ஒன்றைத் தவிர.

ஜூன் 11 அன்று "டக் சத்தம் வந்தது, நல்ல நிலையில் இருக்கிறது" என்று எழுதியதையும் திருத்திக்கொள்கிறேன். சத்தம் வந்தால் சுருளில் மின்சாரம் பாய்கிறது, உள்ளே தண்டு நகர்கிறது என்றுதான் பொருள். தண்டின் முனையிலுள்ள ரப்பர் தன் இருக்கையில் முழுதாகப் படிந்ததா என்பதைச் சத்தம் சொல்லாது. கதவு சாத்தும் ஓசை கேட்டால் தாழ் விழுந்தது என்று ஆகிவிடுமா?

ஜூன் 29

மீண்டும் புகைச் சோதனை, அதே மெக்கானிக், அதே கருவி. இம்முறை ரப்பர் அடைப்பு இல்லை. ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்து வென்ட் வால்வை மூடிவிட்டுப் புகையைவிட்டோம். முதல் முறை ஒன்றும் வரவில்லை. வால்வைத் திறந்து மீண்டும் மூடச் சொன்னேன், அப்போதும் இல்லை. நான்காவது முறை மூடியபோது வெளிக்காற்றுக் குழாயின் முனையிலிருந்து ஊதுவத்தியின் கடைசிப் புகையைப் போல மெல்லிய ஓர் இழை எழுந்தது. ஓட்டமானியும் பூஜ்யத்தை விட்டு நகர்ந்தது. அடுத்த முறை மூடியபோது மறைந்துவிட்டது. அதன் அடுத்த முறை மறுபடியும் வந்தது.

இருவரும் சற்று நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சில காலைகளில் சோதனை தேறியதும் சிலவற்றில் தோற்றதும் இதனால்தான். கசிவு வெப்பத்தைப் பொறுத்ததன்று. வால்வு ஒவ்வொரு முறையும் எப்படி வந்து உட்காருகிறது என்பதைப் பொறுத்தது.

ஜூலை 2

புது வென்ட் வால்வு பொருத்தியாயிற்று. பழையதைப் பிரித்துப் பார்த்தேன். ரப்பர் இருக்கையில் மணற்பொடியும் கரித்துகளும் கலந்த மெல்லிய பசை, ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்து. தண்டு சற்றுச் சுழன்று அந்தத் தடிப்பின் மேல் அமரும்போது வழி உண்டாகும்; விலகி அமர்ந்தால் அடைத்துக்கொள்ளும். துடைத்துவிட்டு அதையே மாட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தது, அது துடைத்தால் போகாது.

கரித்துகள் வந்தது கேனிஸ்டரிலிருந்து என்பதால் எனக்குக் கவலை இருக்கிறது. கேனிஸ்டரைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே சலசலப்பு இல்லை, வென்ட் பக்க வாயைக் கவிழ்த்துத் தட்டியதில் தூள் கொட்டவில்லை. இப்போதைக்கு விட்டுவைக்கிறேன். இந்த வண்டியின் முந்தைய உரிமையாளர் பம்ப் நின்ற பிறகும் அழுத்தி நிரப்பியவரோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

மணற்பொடி வந்த வழி தெளிவு. அந்த வால்வு பின்சக்கரத்துக்கு அருகில், வண்டியின் அடியில் இருக்கிறது. வெளிக்காற்றுக் குழாயின் முனையிலிருந்த சிறிய வடிகட்டி கிழிந்திருந்தது. வால்வை மட்டும் மாற்றி வடிகட்டியை விட்டிருந்தால் ஓராண்டில் இதே குறிப்புகளை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

வென்ட் வழி கசிந்தால் இந்தத் தொல்லை, அடைத்தால் வேறு தொல்லை. பெட்ரோல் நிரப்பும்போது காற்று வெளியேற இடமில்லாமல் பம்ப் அடிக்கடி நின்றுவிடும். பர்ஜ் வால்வு திறந்திருக்கும்போது டேங்கில் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். 2011-இல் மாஸ்டா நிறுவனம் மாஸ்டா 6 கார்களில் 60,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான். ஒரு வகை மஞ்சள் சிலந்தி வென்ட் குழாய்க்குள் வலை பின்னிவிடும், டேங்கில் உண்டாகும் வெற்றிடத்தால் டேங்கே விரிசல் விடலாம் என்பது அச்சம். அந்தக் குழாயின் முனையை இனி ஒவ்வொரு சர்வீஸிலும் குனிந்து பார்ப்பேன்.

ஜூலை 5

"வால்வு மாற்றிய பிறகாவது குறியீட்டை அழித்தீர்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. பழுதை நீக்கிய பிறகு அழிப்பதில் குற்றமில்லை, ஆனால் எனக்கு வண்டியே சொல்ல வேண்டியிருந்தது. சோதனை அடுத்தடுத்து மூன்று பயணங்களில் தேறினால் விளக்கு தானாக அணையும். குறியீடு அதன் பிறகும் நினைவில் தங்கி, எஞ்சின் 40 முறை நன்றாகச் சூடேறி ஓடிய பின் அழியும். இங்கே சூடேறுவது என்றால் கூலன்ட் தொடங்கிய நிலையிலிருந்து 22 டிகிரியாவது உயர்ந்து, 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவது கணக்கில் சேராது.

உமிழ்வுப் பரிசோதனைக்கு முதல் நாள் அழித்துவிட்டுப் போகலாம் என்று எண்ணுபவர்கள் கவனிக்க: சுயசோதனைகள் முடியாத நிலையை ஸ்கேனர் தெளிவாகக் காட்டும். அண்மைக் கால வண்டிகள் பலவற்றில் நிரந்தரக் குறியீடு என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. அதை ஸ்கேனராலோ பேட்டரியைக் கழற்றியோ அழிக்க முடியாது. பழுது நீங்கி, அதே சோதனை மீண்டும் ஓடித் தேறினால்தான் போகும்.

ஜூலை 8

இன்று முதல் சோதனை ஓடி முடிந்தது. ஸ்கேனரின் ஆறாம் பயன்முறையில் ஒவ்வொரு சுயசோதனையின் கடைசி அளவும் அதற்கான வரம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. பழைய வால்வோடு தேறிய நாட்களில்கூட என் அளவு வரம்பின் முக்கால் பங்குக்கு மேல் நின்றது. இன்று பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. விளக்கு எரிகிறதா இல்லையா என்பது ஆம், இல்லை என்ற இரண்டே சொல். இந்த எண்தான் முழு வாக்கியம்.

ஜூலை 13

விளக்கு அணைந்துவிட்டது. காலையில் சாவியைத் திருப்பி எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மற்ற விளக்குகளோடு அதுவும் அணைந்து, அப்படியே இருந்தது. வண்டியை எடுக்காமல் சில நிமிடங்கள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 19

முதலில் கேள்வி கேட்டவர் ஃப்ரீஸ் ஃப்ரேமோடு திரும்பி வந்திருக்கிறார். நன்றி. உங்கள் வென்ட் வால்வைச் சந்தேகிக்கும்படி உங்களைத் தள்ளிவிட்டேனோ என்று பயந்தேன்; நீங்கள் அப்படிச் செய்யாமல் வரிசையாகத் தேடியது நல்லதாயிற்று. கழுத்துக் குழாயின் விளிம்பில், ரப்பர் வளையம் அமரும் கோட்டுக்குச் சற்று உள்ளே, அரிசி அளவுக்குத் துருப் பொரிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வால்வை மூடிவிட்டுப் புகைவிட்டபோது மூடிக்கு அடியிலிருந்து புகை வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதில் ஐயமில்லை. இரண்டு மூடிகளும் குற்றமற்றவை.

உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாமா என்ற கேள்விக்கு: நான் செய்ய மாட்டேன். பூச்சு போன இடத்தில் துரு மீண்டும் பொரியும். தேய்த்த தூள் டேங்குக்குள் இறங்கும். உலோகத்தில் உலோகம் உரசும் பொறி பெட்ரோல் ஆவிக்கு அருகில் வேண்டவே வேண்டாம். கழுத்துக் குழாய் தனியாகக் கிடைக்கும் பாகம், அதையே மாற்றுங்கள். மாற்றும்போது டேங்கோடு சேரும் முனையிலுள்ள ரப்பர் ஹோஸையும் கிளிப்பையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய கிளிப் இறுகிய தடத்தில் ஹோஸ் மீண்டும் சரியாக உட்காராது.

முடிந்ததும் டேங்கைப் பாதி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓர் இரவு முழுதும் நிறுத்தி, காலையில் எடுத்து ஒரே சீரான வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு ஆறாம் பயன்முறையைத் திறந்து அந்த எண்ணை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

ஜூலை 30

எண் கிடைத்தது. வரம்பில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் கசிவும் அடைந்துவிட்டது.